சிறைக்குள் எங்கே சமூக இடைவெளி?

அன்புள்ள ஆசிரியருக்கு,

தோளோடு தோள் உரசிப் படுக்கும் சிறைக் கொட்டடியில் சமூக இடைவெளி எப்படிச் சாத்தியம்? கொரோனா நேரத்தில் நெரிசலைக் குறைக்க, யாரைத் தற்காலிகமாக விடுவிக்கலாம் என்று முடிவுசெய்யும் குழு அமைக்கும்படி 2020 மார்ச்சிலேயே உச்ச நீதிமன்றம் மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. நல்ல உத்தரவுதான். ஆனால் பெரும்பாலும் பார்க்கப்பட்டது வழக்கின் பிரிவுதான், கைதியின் உடல்நிலை அல்ல.

திருச்சி மாவட்டத்தில் பிறந்து, பழங்குடியினர் உரிமைக்குப் போராடி, ஊபா என்ற பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்தில் 2020-ல் கைதான பாதிரியார் ஸ்டான் சுவாமிக்கு நடுக்குவாதம். தம்ளரைப் பிடிக்க முடியாமல், உறிஞ்சுகுழல் கேட்டு நீதிமன்றம் போனார். (உறிஞ்சுகுழலுக்கு ஒரு மனு!) மருத்துவ ஜாமீனும் கிடைக்கவில்லை. கொரோனா தொற்றி, 2021 ஜூலையில் 84 வயதில், விசாரணை தொடங்கும் முன்பே மும்பை மருத்துவமனையில் இறந்தார்.

நம் சிறைகளில் ஏறக்குறைய நான்கில் மூன்று பேர் விசாரணைக் கைதிகள். முதியோர், காசநோய், நீரிழிவு உள்ளோரின் பட்டியலைச் சிறை மருத்துவர்கள் இப்போதே தயாரிக்கட்டும். அடுத்த தொற்றில் விடுவிப்பு அந்தப் பட்டியலிலிருந்து தொடங்க வேண்டும்.

– ஒரு வாசகர், திருச்சி