எம்ஜிபி உதிரிபாகம் விற்போருக்கு ஒரு திறந்த மடல்: அட்டையில் எழுதி ஒட்டுங்கள்

எம்ஜிபி காருக்கு உதிரிபாகம் செய்வோருக்கும் விற்போருக்கும், 'கிளாசிக்' என்ற பெயரில் ஆயில், கூலன்ட், பிரேக் ஆயில் அடைத்து விற்கும் நிறுவனங்களுக்கும்,

வணக்கம்.

1962 முதல் 1980 வரை இங்கிலாந்தின் அபிங்டன் ஆலையில் 5 லட்சத்துக்கும் மேற்பட்ட எம்ஜிபிகள் உருவாயின. பழைய ஸ்போர்ட்ஸ் கார்களில் இவ்வளவு சுலபமாக உதிரிபாகம் கிடைக்கும் வண்டி வேறு அதிகம் இல்லை. பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிடேஜ் நிறுவனம் பழைய அச்சுகளைத் தேடி எடுத்து 1988-இலிருந்து முழு பாடியையே புதிதாக அடித்துக் கொடுக்கிறது. எஸ்யூ கார்புரேட்டரின் ஊசியும் ஜெட்டும் இன்றும் புதிதாகவே வருகின்றன. இதற்காக உங்களுக்கு நன்றி சொல்லத்தான் வேண்டும். எங்கள் குறை வேறு. வாங்குகிற பொருள் எதனால் ஆனது, எந்த எண் வரிசை வண்டிக்கானது, எந்தத் திரவத்தைத் தாங்கும் என்று நீங்கள் சொல்வதே இல்லை. 'எம்ஜிபி 1962–80' என்று மட்டும் அட்டையில் அச்சடித்து அனுப்பிவிடுகிறீர்கள். வாங்குவோரும் இதைப் படித்துக் கேள்வி கேட்கட்டும் என்றுதான் திறந்த மடலாக எழுதுகிறோம்.

அந்த 18 ஆண்டுகளில் வண்டி ஒன்றாகவா இருந்தது? 1964 இறுதிவரை கிராங்க் ஷாஃப்ட்டுக்கு மூன்று மெயின் பேரிங். 18ஜிபி என்ஜினிலிருந்து ஐந்து. 1967 வரை முதல் கியருக்கு, கியர் சத்தமில்லாமல் சேர உதவும் சிங்க்ரோ கிடையாது. அதன் பிறகு நான்குக்கும் உண்டு. நெடுஞ்சாலையில் என்ஜின் சுற்றைக் குறைக்கும் கூடுதல் கியரான ஓவர்டிரைவும் அப்போதே டி வகையிலிருந்து எல்ஹெச் வகைக்கு மாறியது. பின் ஆக்சில் திறந்த வண்டிகளில் முதலில் பேன்ஜோ வகை, 1967-இலிருந்து குழாய் வகை. கூரை மூடிய ஜிடி-க்கோ தொடக்கத்திலிருந்தே குழாய் வகைதான். கம்பிச் சக்கர ஹப்பின் மரை சிலவற்றில் அங்குலத்துக்கு 12, சிலவற்றில் 8. டைனமோ இருந்த வண்டிகளில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் பாடியோடு சேரும். ஆல்டர்னேட்டர் வந்ததும் அது நெகட்டிவ் ஆனது. ஆகவே ஆண்டை மட்டும் கேட்டுப் பொருள் எடுத்துத் தராதீர்கள். ஆலை இட்ட கார் எண்ணின் முன்னெழுத்தையும் (ஜிஹெச்என்3, ஜிஹெச்என்4, ஜிஹெச்என்5, ஜிடி என்றால் ஜிஹெச்டி), என்ஜின் எண்ணின் முன்னெழுத்தையும், ஆக்சில் வகையையும் கேளுங்கள். அறுபது வயது வண்டியில் என்ஜினோ ஆக்சிலோ எப்போதோ மாற்றப்பட்டிருக்கும். கார் எண் ஒன்று சொல்லும், உள்ளே கிடப்பது வேறாக இருக்கும்.

அதிகக் கெடுதல் நடப்பது கியர்பாக்ஸில்தான். கடையில் 'கியர் ஆயில்' என்று கேட்டால் கைக்கு வருவது பெரும்பாலும் ஜிஎல்-5 தரத்து 75டபிள்யூ-90 அல்லது 80டபிள்யூ-90. ஆனால் பெரும்பாலான எம்ஜிபி கையேடுகள் கியர்பாக்ஸுக்கும் 20டபிள்யூ-50 என்ஜின் ஆயிலையே சொல்கின்றன. காரணம் மூன்று. சிங்க்ரோ வளையங்களும் சில வாஷர்களும் செம்பு கலந்த உலோகம். ஜிஎல்-5-இல் ஜிஎல்-4-ஐவிடக் கூடுதலாக உள்ள கந்தக-பாஸ்பரஸ் சேர்மங்கள் சூட்டில் அவற்றை அரிக்கும். அடுத்தது, சிங்க்ரோ வளையம் கூம்பைக் கவ்விப் பிடித்தால்தான் கியர் சத்தமில்லாமல் விழும். ஆயில் அளவுக்கு மீறி வழுக்கினால் வளையம் பிடிக்காது, கியர் கரகரக்கும். மூன்றாவது ஓவர்டிரைவ். கியர்பாக்ஸுக்கும் அதற்கும் ஒரே ஆயில்தான். உள்ளே இருக்கும் கூம்பு கிளட்ச் உராய்வை நம்பி வேலை செய்கிறது. மாலிப்டினம் கலந்த ஆயிலையோ, 'உராய்வைக் குறைக்கும்' என்று விளம்பரம் செய்யப்படும் பாட்டிலையோ ஊற்றினால் ஓவர்டிரைவ் நழுவத் தொடங்கும். அதைக் கழற்றுவதற்கு என்ஜினும் சேர்ந்து வெளியே வரவேண்டும்.

அளவு: நான்கு சிங்க்ரோ கியர்பாக்ஸுக்கு சுமார் 3 லிட்டர், ஓவர்டிரைவ் இருந்தால் சுமார் 3.4 லிட்டர். ஊற்றிச் சில கிலோமீட்டர் ஓட்டிய பிறகு மறுபடி அளவு பார்க்க வேண்டும், ஏனென்றால் ஓவர்டிரைவ் தன் பங்கை இழுத்துக்கொள்ளும். ஓவர்டிரைவ் விழவில்லை என்று யாராவது சொன்னால் உடனே புது யூனிட்டை விற்கப் பார்க்காதீர்கள். முதலில் ஆயில் அளவு, பிறகு சாலனாய்டுக்கு மின்சாரம் வருகிறதா என்பது, கியர்பாக்ஸ் மேலிருக்கும் சுவிட்ச், கடைசியாக வடிகட்டி. பெரும்பாலும் இந்த நாலுக்குள்ளேயே விஷயம் முடிந்துவிடும்.

பின் ஆக்சிலுக்குச் சட்டம் நேர் எதிர். ஹைபாய்டு பற்கள் ஒன்றன்மேல் ஒன்று சறுக்கிக்கொண்டே அழுத்தும். அங்கே அதிக அழுத்தம் தாங்கும் இபி 90 கியர் ஆயில் கட்டாயம், என்ஜின் ஆயில் ஆகவே ஆகாது. குழாய் வகைக்கு சுமார் 0.85 லிட்டர், பேன்ஜோவுக்கு சுமார் 1.3 லிட்டர். கிளட்சை விடும்போது பின்னால் 'டொக்' என்று கேட்டால் அது பெரும்பாலும் டிஃப்ரன்ஷியலுக்குள் தேய்ந்த த்ரஸ்ட் வாஷர். கெட்டியான ஆயில் அதை மாற்றாது.

ஸ்டீயரிங் ரேக்குக்கும் இபி 90 எண்ணெய்தான், கிரீஸ் அல்ல. முன் சக்கரம் திரும்பும் அச்சான கிங்பின்னுக்கோ கிரீஸ்தான்: லித்தியம், கெட்டித் தரம் என்எல்ஜிஐ 2. சுமார் 5,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை, சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கிவிட்டு அடிக்க வேண்டும். பாரம் அதன்மேல் இருக்கும்போது கிரீஸ் போக வேண்டிய பக்கம் போகாது. அதே காலத்து இன்னொரு பிரிட்டிஷ் காரான டிரயம்ஃப் ஸ்பிட்ஃபயரில் அதே வேலையைச் செய்யும் ட்ரன்னியனுக்கோ எண்ணெய் விட வேண்டும், கிரீஸ் அடித்தால் மரை இறுகி நாளடைவில் தண்டே முறியும். அதே அமைப்போடு சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டைப் பழுதுபார்த்த பழைய மெக்கானிக்குகளுக்கு இது அத்துப்படி. இரண்டு வண்டிக்கும் ஒரே அட்டவணையில் 'முன் சஸ்பென்ஷன்: கிரீஸ் / எண்ணெய்' என்று போட்டு வைப்பது யாருக்கும் உதவாது.

என்ஜின் ஆயிலுக்கு வருவோம். வடிகட்டியோடு சேர்த்து சுமார் 4.25 லிட்டர், ஆயில் கூலர் இருந்தால் அரை லிட்டருக்குக் கொஞ்சம் குறைவாக இன்னும் சேர்க்க வேண்டும். 20டபிள்யூ-50 போதும். 5டபிள்யூ-30 முழு சிந்தெடிக் விலை அதிகம் என்பதால் நல்லது என்று கவுன்ட்டரில் சொல்கிறார்கள். மூன்று பேரிங் என்ஜினின் பின்முனையில் ரப்பர் சீலே கிடையாது. எண்ணெயைத் திருப்பி உள்ளே தள்ளும் திருகு வெட்டு மட்டும்தான் இருக்கிறது. மெல்லிய ஆயில் அதன் வழியாகக் கிளட்ச் அறைக்குள் போகும்.

வால்வைத் திறக்கும் கேம் ஷாஃப்ட்டும் அது தள்ளும் டேப்பெட்டும் ஒன்றோடொன்று உரசும் வகை. அவற்றைக் காப்பது ஆயிலில் உள்ள துத்தநாக-பாஸ்பரஸ் சேர்மம். பாஸ்பரஸ் புதிய கார்களின் கேட்டலிடிக் கன்வெர்ட்டரைக் கெடுக்கும் என்பதால் 5டபிள்யூ-30 போன்ற மெல்லிய வகைகளில் அதை 800 பிபிஎம்-க்குள் கட்டுப்படுத்திவிட்டார்கள். இந்த என்ஜினுக்கு 1,000 முதல் 1,200 வரை இருப்பது நல்லது. டப்பாவின் பின்புறம் இந்த ஓர் எண்ணை அச்சிட என்ன தடை? எழுதாமல் விட்டுவிட்டு, 'ஜிங்க் பூஸ்டர்' பாட்டிலைத் தனியாக விற்பது வியாபாரத்துக்கு நல்லதாக இருக்கலாம்.

டேப்பெட்டுகளைச் செய்வோரிடம் ஒரு தனி வேண்டுகோள். சந்தையில் வந்த சில மென்மையான டேப்பெட்டுகள் சில நூறு மைலுக்குள் முகம் குழிந்து கேம் மேட்டையும் தின்றுவிடுகின்றன. கடினத்தன்மையைச் சோதித்து ராக்வெல் எண்ணைப் பெட்டியில் எழுதுங்கள். கூடவே ஓடவைக்கும் முறையையும் ஒரு தாளில் வையுங்கள்: மாலிப்டினம் பசை தடவிப் பொருத்தி, ஸ்டார்ட் ஆனதும் 2,000–2,500 சுற்றில் 20 நிமிடம், அதுவரை ஐடிலில் விடவே கூடாது, ஏனென்றால் கேமுக்கு எண்ணெய் போவது கிராங்க் சுழலும்போது தெறிப்பதால்தான். முதல் முயற்சியிலேயே ஸ்டார்ட் ஆகும்படி பெட்ரோல், டைமிங், தண்ணீர் எல்லாம் முன்கூட்டியே சரியாக இருக்க வேண்டும்.

தலைகீழாக மாட்டும் ஸ்பின்-ஆன் வடிகட்டியில் ஆயில் திரும்ப வடியாமல் தடுக்கும் வால்வு இருக்கிறதா என்பதையும் எழுதுங்கள். இல்லாவிட்டால் காலையில் ஸ்டார்ட் செய்ததும் சில விநாடி பேரிங்குகள் வறண்டு சுழலும்.

எஸ்யூ கார்புரேட்டரின் மேல்பக்கமுள்ள டாஷ்பாட்டுக்கு 20 தர எண்ணெய் போதும், உள்ளீடற்ற தண்டின் மேல்முனைக்கு மேலே 13 மில்லிமீட்டர் நிற்கும்படி. ஆக்ஸிலரேட்டரை மிதித்ததும் கார்புரேட்டரின் பிஸ்டன் சட்டென்று மேலே துள்ளாமல் இந்த எண்ணெய்தான் பிடித்துவைக்கிறது. அந்தக் கணத்தில்தான் கலவையில் பெட்ரோல் சற்று கூடுகிறது. தையல் மெஷின் எண்ணெய் போல மெலிந்ததை ஊற்றினால் வண்டி திக்கும்.

பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பங்கிடும் லூக்காஸ் 25டி4 டிஸ்ட்ரிபியூட்டருக்கான ரோட்டர் பற்றிக் கடுமையாகவே எழுத வேண்டியிருக்கிறது. மலிவான ரோட்டரில் பித்தளைத் தகட்டைப் பிடிக்கும் ரிவெட் கீழே தண்டுக்கு மிக அருகில் முடிகிறது. சூடானதும் மின்சாரம் பிளக்குக்குப் போகாமல் பிளாஸ்டிக்கைத் துளைத்துத் தண்டுக்கே இறங்கிவிடும். வண்டி நடுரோட்டில் நிற்கும், ஆறியதும் ஒன்றுமே நடக்காதது போல ஸ்டார்ட் ஆகும். சோதிப்பது எளிது. மூடியைக் கழற்றி, காயிலிலிருந்து வரும் தடித்த ஒயரைக் காப்பிட்ட குறட்டால் பிடித்து ரோட்டரின் நடுத் தகட்டுக்கு 3 மில்லிமீட்டர் மேலே வைத்து, இக்னிஷனைப் போட்டுப் பாயின்ட்டைத் திறந்து மூட வேண்டும். பொறி பாய்ந்தால் ரோட்டர் குப்பைக்கு. ரிவெட் இல்லாதவற்றை மட்டும் விற்கும் கடைகளும் இருக்கின்றன. மற்றவர்கள் ஏன் இன்னும் பழைய சரக்கைத் தள்ளுகிறீர்கள்? கன்டென்சரும் அப்படியே: 0.18–0.24 மைக்ரோஃபாரட் என்று குளிரில் மீட்டர் காட்டும், சூட்டில் செத்துப்போகும். சூடாக்கிச் சோதித்ததா என்று சொல்லுங்கள்.

பிரேக்குக்கும் கிளட்சுக்கும் டாட் 4 தரத் திரவம் போதும், இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். டாட் 5 சிலிக்கோன், டாட் 5.1 கிளைகால். பெயரில் இருக்கும் ஒரு புள்ளியை நம்பி இவற்றை ஒரே அலமாரியில் அடுக்காதீர்கள். சிலிக்கோன் பெயின்ட்டை அரிக்காது என்பது உண்மை. ஆனால் கிளைகாலோடு கலக்காது, தண்ணீரை உறிஞ்சாமல் அடியில் தேங்கவிடும், அழுத்தத்தில் வேலை செய்யும் பிரேக் விளக்கு சுவிட்சும் அதில் சீக்கிரம் கெடுகிறது. சீல் கிட்டுகளில் ரப்பரின் வகையையும் தயாரான மாதத்தையும் அச்சிடுங்கள். கூடவே சிவப்பு ரப்பர் கிரீஸ் ஒரு சிறு பொட்டலம் வையுங்கள். இல்லையென்றால் யாராவது சாதாரண கிரீஸைத் தடவி ரப்பரை உப்பவைப்பார்கள். பழைய ஹோஸ் வெளியே நன்றாகத் தெரிந்தாலும் உள்ளே வீங்கி ஒரு வால்வு போல ஆகி, மிதித்த பிரேக்கை விடாமல் பிடித்துக்கொள்ளும். தேதியில்லாத ஹோஸை நாங்கள் மாட்டமாட்டோம்.

கூலன்ட்: ஈயம் வைத்துப் பற்றவைத்த பித்தளை ரேடியேட்டர், வார்ப்பிரும்பு பிளாக். சிலிக்கேட் உள்ள பழைய நீல அல்லது பச்சை வகை, இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை. ஐந்து ஆண்டு தாங்கும் ஓஏடி (கரிம அமில) வகை வேண்டாம். இரண்டையும் கலப்பதோ அதைவிட மோசம். நிறத்தை நம்பவும் முடியாது, அதனால் வகையை எழுதுங்கள்.

பெட்ரோலில் 2021 செப்டம்பரிலிருந்து பிரிட்டனில் சாதாரண ரகம் ஈ10, அதாவது 10 சதவீதம் வரை எத்தனால். உயர் ரகத்தில் எத்தனால் 5 சதவீதத்துக்குள். இந்தியாவில் இப்போது 20 சதவீதம். பழைய ரப்பர் ஹோஸ் இதில் வெடித்துக் கசியும், அதுவும் சூடான எக்ஸாஸ்ட்டுக்கு மேலே. எஸ்ஏஇ ஜே30 ஆர்9 என்று குழாயின் மேலேயே அச்சு இருப்பதை மட்டும் விற்கவும். பம்ப் டயாஃப்ரமும் எத்தனாலைத் தாங்குமா என்று சொல்லவும். சிலிண்டர் ஹெட் விற்கும்போது எக்ஸாஸ்ட் சீட் கடினப்படுத்தப்பட்டதா என்பதை பில்லிலேயே குறியுங்கள். அந்தச் சீட்டைத் தேயாமல் காத்த ஈயப் பெட்ரோல் போய்க் கால் நூற்றாண்டு ஆகிறது.

கடைசியாக உத்தரவாதம். எம்ஜிபியில் கிளட்ச் ரிலீஸ் பேரிங் ஒன்றை மாற்ற என்ஜினை இறக்க வேண்டும். அதன் கார்பன் வளையம் உடைந்து திரும்பி வந்தால் அந்தப் பேரிங்கின் விலையை மட்டும் திருப்பித் தருகிறீர்கள். ரிலீஸ் பேரிங், டேப்பெட், என்ஜினின் பின் ஆயில் சீல், ஓவர்டிரைவ் பாகங்கள் ஆகிய நான்குக்காவது கூலியில் ஒரு பங்கை ஏற்றுக்கொள்ளுங்கள். அது முடியாது என்றால், அந்தத் தொகுதி எந்த ஆலையில், எந்த மாதம், எந்த உலோகத்தில் செய்யப்பட்டது என்ற தொகுதி எண்ணையாவது பொருளின் மேல் பொறித்துக் கொடுங்கள். உடைந்ததை அனுப்பும்போது அதே தொகுதியில் வாங்கிய மற்றவர்களுக்கும் நீங்கள் கடிதம் போட முடியும்.

இப்படிக்கு,
பழைய எம்ஜிபிகளைப் பழுதுபார்க்கும் மெக்கானிக்குகள்