அடுத்த மழைக்கும் இந்தச் சேவை இயங்க: நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர், வணக்கம்.

"இன்னிக்கு ராத்திரி மழை வருமா?" எங்கள் குழுவுக்கு அதிகமாக வரும் கேள்வி இதுதான். யாரும் பொழுதுபோகாமல் கேட்பதில்லை. அறுத்த தானியம் களத்தில் கிடக்கும். நாளைக் காலையில் கான்கிரீட் போட ஆள் சொல்லியிருப்பார்கள். படகை இறக்கலாமா என்று ஒருவர் கரையில் நின்று யோசித்துக்கொண்டிருப்பார். இவர்களுக்கு அவரவர் ஊர் நிலவரத்தைக் கட்டணமும் விளம்பரமும் இல்லாமல் சொல்லத்தான் இந்த இணைய வானிலைச் சேவையைத் தொடங்கினோம். அது தொடர்ந்து நடக்க உங்கள் உதவி வேண்டும்.

போனிலேயே வானிலை வருகிறதே, பிறகு நீங்கள் எதற்கு என்று பலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். போனில் தெரியும் மழைக்குறிக்குப் பின்னால் பெரும்பாலும் உலகம் முழுவதற்குமான கணினி மாதிரி ஒன்று, அதாவது வரப்போகும் வானிலையைக் கணக்கிடும் நிரல், இருக்கும். அமெரிக்காவின் ஜிஎஃப்எஸ் என்ற மாதிரி நாளுக்கு 4 முறை ஓடுகிறது, அதன் தரவை யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். அது பூமியைச் சுமார் 13 கிலோமீட்டர் கட்டங்களாகப் பிரித்துக் கணக்குப் போடுகிறது. மாலையில் திடீரென்று திரளும் இடிமேகமோ சில கிலோமீட்டர் அகலம்தான். தனி மேகமாக இருந்தால் ஒரு மணி நேரத்துக்குள் கொட்டிவிட்டுக் கலைந்தும் போகும். கட்டத்தைவிடச் சிறிய மேகம் மாதிரியின் கண்ணில் படாது; அதைத் தோராயமாகத்தான் கணக்கில் சேர்க்கும். படத்தில் ஊர் முழுக்க லேசான மழை என்று இருக்க, நேரில் ஒரு தெரு நனைந்து அடுத்த தெரு காய்ந்து கிடப்பது இதனால்தான்.

ரேடார் இருந்தாலும் முழு நிம்மதி இல்லை. பூமி வளைந்திருப்பதால், தூரம் போகப் போக ரேடார் கதிர் தரையைவிட்டு உயர்ந்துகொண்டே போகும். 100 கிலோமீட்டர் தள்ளிப் போனால், ஒரு கிலோமீட்டர் உயரத்துக்குக் கீழே நடப்பது அதற்குப் பெரும்பாலும் தெரியாது. ஆகவே, தரையில் என்ன பெய்தது என்பதைத் தரையில்தான் அளந்தாக வேண்டும்.

உங்கள் பணத்தில் பெரும்பகுதி இந்த அளவைக்குத்தான் போகும். தானியங்கி மழைமானியைப் பக்கத்தில் பார்த்தால் ரொம்ப எளிய கருவி. மேலே ஒரு புனல், அடியில் சீசா பலகைபோல ஆடும் இரண்டு சிறு கிண்ணங்கள். ஒன்று நிறைந்து கவிழ்ந்தால் மற்றொன்று மேலே வரும். பல கருவிகளில் ஒரு கவிழ்ப்புக்கு 0.2 மில்லிமீட்டர் என்று கணக்கு. ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் சதுர மீட்டருக்கு ஒரு லிட்டர் தண்ணீர்.

எளிய கருவிதான், ஆனால் கவனிக்காமல் விட்டால் ஏமாற்றிவிடும். ஒரு ராத்திரி சுற்றியிருந்த மானிகளெல்லாம் மழை காட்ட, ஒன்று மட்டும் பூஜ்யத்திலேயே நின்றது. அந்தப் பக்கம் மழை இல்லை என்று நம்பி அப்படியே அறிவித்தோம். விடிந்ததும் எங்கள் தன்னார்வலர் போய்ப் பார்த்தார். புனல் நிறையத் தண்ணீர். துளையில் சருகும் பறவை எச்சமும் சேர்ந்து அடைத்திருந்தன. ராத்திரி பெய்த மழை, வெயிலடிக்கும் நேரத்தில் சொட்டுச் சொட்டாக இறங்கிக் கருவியில் பதிவாகிக்கொண்டிருந்தது. எங்கள் பேச்சை நம்பித் தானியத்தை மூடாமல் விட்ட குடும்பத்திடம் நேரில் போய் மன்னிப்புக் கேட்டோம். தவற்றை மறைக்காமல் அன்றே எழுதியும் வெளியிட்டோம். அதன்பிறகுதான், ஒவ்வொரு தானியங்கி மானிக்கும் பக்கத்தில் கையால் அளக்கும் மானி ஒன்றும் இருக்க வேண்டும், மாதம் இருமுறை ஆள் போய்ச் சுத்தம் செய்ய வேண்டும் என்று முடிவெடுத்தோம். பாதி இடங்களில்தான் அதை நிறைவேற்ற முடிந்திருக்கிறது. மீதிப் பாதிக்குக் கையில் பணம் இல்லை.

தொடக்க அளவு பிசகினால் கணக்கு எங்கே போய் முடியும் என்பதற்குப் பழைய உதாரணமே உண்டு. லூயிஸ் ஃப்ரை ரிச்சர்ட்சன் என்ற பிரிட்டிஷ் கணித அறிஞர் 1910 மே 20-ஆம் தேதியின் வானிலையைக் கையாலேயே கணக்கிட்டு, 1922-இல் நூலாக வெளியிட்டார். 6 மணி நேரத்தில் காற்றழுத்தம் 145 ஹெக்டோபாஸ்கல் மாறும் என்று விடை வந்தது. உண்மையில் அன்று அழுத்தம் ஏறக்குறைய மாறவே இல்லை. அவர் பிடித்த வழி சரிதான், தொடக்கத் தரவில் இருந்த முரண்தான் விடையைக் கெடுத்தது என்று பின்னால் ஆராய்ந்தவர்கள் காட்டினார்கள்.

அடுத்த செலவு சர்வர். சாதாரண நாளில் சிலர் பார்ப்பார்கள். புயல் ராத்திரியில் எல்லோரும் ஒரே நேரத்தில் வருவார்கள். அந்த ராத்திரிக்குத் தாங்காத சர்வர் மற்ற நாளெல்லாம் ஓடி என்ன பயன்? ஸ்மார்ட்போன் இல்லாதவர்களுக்குக் குறுஞ்செய்தி அனுப்பும் செலவும் இருக்கிறது. பேட்டரி, சிம் கார்டு, போக்குவரத்து என்று சில்லறைச் செலவுகள் தனி. குழுவில் யாரும் சம்பளம் வாங்குவதில்லை.

விளம்பரம் வாங்கினால் இந்தச் சிரமம் இருக்காது, உண்மைதான். ஆனால் பார்வை கூடினால் காசு கூடும் என்ற நிலைக்கு வந்துவிட்டால், ஒவ்வொரு மேகத்தையும் பேய்மழை என்று சொல்லத் தோன்றும். புலி வருது, புலி வருது என்று சொல்லிப் பழகிய வாயை, நிஜமாகவே புலி வரும் நாளில் யார் நம்புவார்கள்? புயல், வெள்ள எச்சரிக்கை அரசு வானிலைத் துறையின் பொறுப்பு. அதை ஒரு எழுத்தும் மாற்றாமல் சேர்ப்பிக்கிறோம். போட்டி எச்சரிக்கை விடுவதில்லை. மழைக்கு 70 சதவீத வாய்ப்பு என்று நாங்கள் சொன்ன நாள்களில், பத்துக்கு ஏழு நாளாவது பெய்ததா என்று கணக்கு வைத்து, தப்பியதையும் சேர்த்தே வெளியிடுகிறோம். வரவு செலவும் அதே போலத்தான்: மாதாமாதம் எல்லோர் பார்வைக்கும் வரும், ஒவ்வொரு நன்கொடைக்கும் ரசீது உண்டு.

எவ்வளவு என்று நாங்கள் சொல்ல மாட்டோம். ஒரே தடவையில் பெரிய தொகை தருவதைவிட, முடிந்ததை மாதாமாதம் தந்தால் எங்களுக்கு அதிக உதவி. சர்வர் பில் மாதம் தவறாமல் வருகிறது.

பணமாகத் தர இயலாதவர்கள் மழைமானி வைக்க இடம் தரலாம். பக்கத்துச் சுவரும் மரமும் எவ்வளவு உயரமோ, அதைப்போல் இரண்டு மடங்காவது தள்ளித் திறந்த வெளி வேண்டும். தினமும் காலையில் ஒரே நேரத்தில் அளவைப் பார்த்துச் சொல்ல வீட்டில் ஒருவர் இருந்தால் போதும். கருவியைக் கொண்டுவந்து பொருத்தி, பார்க்கும் முறையையும் நாங்களே சொல்லித் தருகிறோம்.

இப்படிக்கு,
செயற்குழு