வாசகர் வட்டத்தின் ஆண்டறிக்கை: சசூரோடு ஒரு வருடம்

தலைவர் ஐயாவுக்கும் நிர்வாகக் குழுவினருக்கும், வெயிலைப் பார்க்காமல் வந்து சேர்ந்திருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

சென்ற ஜூன் முதல் இந்த மே வரை நம் வட்டம் செய்தவற்றை இங்கே வைக்கிறேன். வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார் என்பதால் அதற்குள் நான் போகவில்லை.

மாதம் ஒரு புத்தகம் என்ற வழக்கத்தை விட்டுவிட்டு, வருடம் முழுக்க ஒரே புத்தகத்தைப் படிப்பது என்று போன பொதுக்குழுவில் முடிவெடுத்தோம். மொழி எப்படிப் பொருள் தருகிறது என்ற கேள்வி கவிதைக் கூட்டங்களில் திரும்பத் திரும்ப எழுந்துகொண்டே இருந்தது. அதனால் அந்தக் கேள்வியின் வேருக்கே போவோம் என்று, ஜெனீவாப் பல்கலைக்கழகத்தில் ஃபெர்டினான்ட் டி சசூர் என்ற மொழியியல் அறிஞர் நடத்திய பொது மொழியியல் பாடங்களின் புத்தகத்தை எடுத்துக்கொண்டோம். திட்டமிட்டது 12 கூட்டம், நடந்தது 11. டிசம்பர் கூட்டம் மழையோடு போயிற்று. வழக்கமாக வருபவர்களில் நான்கைந்து பேர் இடையில் நின்றுவிட்டார்கள். "கதை பேசுற இடம் இலக்கண வகுப்பா மாறிடுச்சு" என்று அவர்களில் ஒருவர் என்னிடம் நேரிலேயே சொன்னார். அவர் வருத்தத்தில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் நாம் எடுத்த முடிவு சரி என்றே நினைக்கிறேன். ஏன் என்பதைத்தான் இந்த அறிக்கையில் சொல்ல வருகிறேன்.

முதல் இரண்டு கூட்டங்களும் அந்த மனிதரைப் பற்றியே போயின. 1857இல் ஜெனீவாவில் பிறந்தவர். 21 வயதில், சமஸ்கிருதம், கிரேக்கம், லத்தீன் முதலியவை சேர்ந்த இந்தோ ஐரோப்பிய மொழிகளின் ஆதி உயிரொலிகளைப் பற்றி ஒரு நூல் எழுதினார். எந்த மொழியிலும் காதால் கேட்க முடியாத சில ஒலிகள் ஆதி மொழியில் இருந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் உயிரொலிகளின் மாற்றங்களில் ஒழுங்கு வராது என்று அதில் கணித்தார். கையில் சான்று எதுவும் கிடையாது. மற்ற ஒலிகள் ஒன்றோடொன்று கொண்ட உறவை வைத்தே அந்த வெற்றிடத்தைக் கண்டார். அவர் இறந்தது 1913இல். இன்றைய துருக்கிப் பகுதியில் பழங்காலத்தில் வழங்கிய, அதே குடும்பத்து ஹிட்டைட் மொழியின் களிமண் பலகைகளை வாசிக்க வழி கிடைத்தது அதன் பிறகுதான். 1927இல் யெர்ஜி குரிலோவிச் என்ற போலந்து அறிஞர், சசூர் சொன்ன இடங்களில் ஹிட்டைட்டில் ஒரு மெய்யொலி நிற்பதைக் காட்டினார். இதைக் கேட்டதும் நம் ஓய்வுபெற்ற கணித ஆசிரியர், நெப்டியூன் கோளைக் கணக்குப் போட்டுக் கண்டுபிடித்த கதையைச் சொன்னார். பொருத்தமான ஒப்புமை. அன்றைக்கு அறையில் இருந்த உற்சாகம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

அப்புறம் புத்தகம் உருவான கதை. பொது மொழியியலை அவர் மூன்று முறை நடத்தினார்: 1907, 1908-09, 1910-11. தன் கையால் அதைப் புத்தகமாக எழுதவில்லை. அவர் இறந்தபின் ஷார்ல் பாலி, ஆல்பெர் செஷே என்ற இருவர் மாணவர்களின் குறிப்பேடுகளை வாங்கி, சேர்த்துக் கோத்து 1916இல் வெளியிட்டார்கள். அந்த வகுப்புகளில் இருவருமே உட்கார்ந்ததில்லை. நமக்கு இதை உணர்ந்து பார்க்க ஒரு வாய்ப்புக் கிடைத்தது. நவம்பர் கூட்டத்தில் மூன்று பேரை, ஒருவர் ஏட்டை ஒருவர் பார்க்காமல் குறிப்பெடுக்கச் சொன்னோம். ஜனவரியில் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது, ஓர் ஏட்டில் எடுத்துக்காட்டுகள் மட்டுமே இருந்தன. இன்னொன்றில் இலக்கணம்போல நான்கே வரிகள். மூன்றாவதில் மிக அழகான ஒரு முடிவுரை இருந்தது. அன்று பேசியவர் அதை வாசித்துவிட்டு, "இத நான் சொல்லவே இல்லையே" என்றார். சசூர் புத்தகத்திலும் இதே கதைதான். மொழியை அதற்காகவே, அதனுள் வைத்தே ஆராய வேண்டும் என்ற பொருளில் வரும் அதன் புகழ்பெற்ற கடைசி வாக்கியம் அவருடையது அல்ல, பதிப்பாளர்கள் சேர்த்தது. அவருடைய சொந்தக் கையெழுத்துப் பிரதிகள் சில 1996இல் ஜெனீவாவில் அவர் குடும்பத்து வீட்டில் கிடைத்து, 2002இல் அச்சாயின. கூட்டக் குறிப்பு எழுதுகிறவன் என்ற முறையில், பாலியும் செஷேயும் பட்ட பாடு எனக்கு நன்றாகவே புரிகிறது. அவர்கள் அதைச் செய்யாமல் இருந்திருந்தால் இந்த ஆண்டு நாம் படிக்க எதுவும் இருந்திருக்காது.

ஆகஸ்ட் கூட்டம்தான் சூடானது. குறி என்பது இருபக்கத் தாள் போன்றது, ஒரு பக்கம் ஒலியின் பதிவு, மறு பக்கம் கருத்து, இவற்றைச் சேர்த்து வைத்ததற்கு இயற்கையான காரணம் எதுவும் கிடையாது என்கிறார் சசூர். தமிழில் ஒலிப் பக்கத்தைக் குறிப்பான் என்றும், கருத்துப் பக்கத்தைக் குறிப்பீடு என்றும் எழுதுகிறோம். இதைப் படித்ததுமே நம் மூத்த தமிழாசிரியர் எழுந்து, "இதத்தானே பவணந்தி இடுகுறின்னு எப்பவோ சொல்லிட்டாரு!" என்றார். பாதி அரங்கம் கைதட்டியது. அவர் சொன்னதில் உண்மை உண்டு. மரம் இடுகுறிப்பெயர், பறவை காரணப்பெயர் என்று பள்ளிக்கூடத்திலேயே படித்தவர்கள் நாம். சசூர் புத்தகத்தில் குறியை விளக்க வரைந்திருக்கும் படமும் ஒரு மரம்தான்! அதற்கும் முன்னால், "மொழிப்பொருட் காரணம் விழிப்பத் தோன்றா" என்று தொல்காப்பியம் சொல்லியிருக்கிறது. சொல்லுக்கும் பொருளுக்கும் உள்ள காரணம் பார்த்த மாத்திரத்தில் விளங்காது என்பது அதன் கருத்து.

காரணப்பெயருக்கும் சசூரிடம் இடம் இருக்கிறது. பிரெஞ்சில் இருபதைக் குறிக்கும் சொல்லில் இரண்டும் தெரியாது, பத்தும் தெரியாது. பத்தொன்பதைக் குறிக்கும் சொல்லிலோ பத்தும் ஒன்பதும் வெளிப்படையாக நிற்கின்றன. இதைப் பகுதிக் காரணம் என்கிறார். நம் 'இருபது' அப்படியில்லை, அதில் இரண்டும் பத்தும் கண்ணில் படுகின்றன. ஆனால் பத்துக்கு ஏன் பத்து என்று பெயர் என்று கேட்டால் பதில் கிடையாது. மரங்கொத்தியும் அப்படித்தான். சேர்ந்து நிற்கும்போது காரணம் தெரிகிறது, பிரித்து எடுத்தால் மரமும் இடுகுறி, கொத்துதலும் இடுகுறி.

ஆனாலும் 'எல்லாம் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது' என்று அங்கேயே நின்றுவிட எனக்கு மனம் வரவில்லை. ஆசிரியர் ஐயா மேல் எவ்வளவு மரியாதை வைத்திருந்தாலும் இதைச் சொல்லத்தான் வேண்டும். பவணந்தியின் நன்னூல் பேசுவது பொருளுக்கு இட்ட பெயரைப் பற்றி. பொருள்கள் முதலில் வரிசையாக நிற்கின்றன, பிறகு பெயர்கள் வந்து ஒட்டிக்கொள்கின்றன என்ற நினைப்பையே சசூர் மறுக்கிறார். மொழி வருவதற்கு முன் கருத்துகளுக்குத் தெளிவான வரப்பு கிடையாது, வரப்பைப் போடுவதே மொழிதான் என்கிறார். ஒரு சொல்லின் மதிப்பு அதன் பக்கத்துச் சொற்கள் எங்கே நிற்கின்றன என்பதைப் பொறுத்தது. இந்த 'மதிப்பு' என்ற இடத்துக்கு வந்து சேர நமக்கு அக்டோபர் ஆயிற்று. வந்து சேர்ந்த விதத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

அக்டோபரில், வழக்கப்படி முந்தைய கூட்டக் குறிப்பை வாசித்தேன். "அடுத்த கூட்டத்தை இதே அறையில் வைத்துக்கொள்வது என்று நாங்கள் முடிவு செய்தோம்" என்று ஒரு வரி. இரண்டாம் வரிசையில் இருந்த அஞ்சல் அலுவலக அக்கா கையைத் தூக்கி, "தம்பி, நாங்கள்னு எழுதியிருக்கீங்க. அப்ப இங்க உக்காந்திருக்கற நாங்க யாரு?" என்று கேட்டார். தவறு என்னுடையது. நிர்வாகக் குழுவை மனத்தில் வைத்து எழுதிவிட்டேன். பேனாவை எடுத்து 'நாம்' என்று திருத்தப் போனேன். அப்போது, புதுச்சேரியில் பிரெஞ்சு படித்த நம் உறுப்பினர், "இருங்க, பிரெஞ்சுல இந்தத் தப்பச் செய்யவே முடியாது" என்றார். பிரெஞ்சுக்காரருக்கு 'நூ' என்ற ஒரே சொல்தான். கேட்பவரைச் சேர்த்தாலும் நூ, விட்டாலும் நூ. அகராதியில் நூ என்பதற்கு நாம், நாங்கள் இரண்டையும் போட்டிருப்பார்கள். ஆனால் நூ, நாம் ஆகாது, நாங்களும் ஆகாது. பக்கத்தில் 'நாங்கள்' நிற்பதால்தான் 'நாம்' உங்களையும் உள்ளே அழைக்கிறது. 'நாங்கள்' ஒருநாள் வழக்கொழிந்து போனால், 'நாம்' என்ற ஒலி ஒரு துளியும் மாறாமலே அதன் பொருள் விரிந்துவிடும். நம் உறவு மொழியான இன்றைய கன்னடத்தில் இது நடந்தே இருக்கிறது, இரண்டுக்கும் 'நாவு' ஒன்றுதான். அந்த வரி இன்றும் குறிப்பேட்டில் அடித்துத் திருத்தியபடியே இருக்கிறது. விரும்புபவர்கள் வந்து பார்க்கலாம்.

சசூர் சொல்லும் எடுத்துக்காட்டு ஆட்டைப் பற்றியது. பிரெஞ்சில் மூத்தோன் என்றால் உயிருள்ள செம்மறியும்தான், தட்டில் வைக்கும் கறியும்தான். ஆங்கிலத்தில் மேய்வது ஷீப், தட்டில் இருப்பது மட்டன். பக்கத்தில் மட்டன் இருப்பதாலேயே ஷீப்பின் மதிப்பு மூத்தோனின் மதிப்பு ஆகாது. அந்த மட்டனே பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்குப் போய், அங்கிருந்து நம் ஊருக்கு வந்த சொல் என்று தெரிந்தபோது எல்லாருக்கும் ஆச்சரியம். கடையில் "அரைக் கிலோ கறி குடுங்க" என்கிறோம், ஓட்டல் பலகையில் மட்டன் சுக்கா என்று இருக்கிறது. கோழி இருக்கும் இடத்தில் வெறும் 'கறி' ஆட்டையே குறிக்கிறது. அதே சொல் காய்கறியில் இன்னொரு வேலை செய்கிறது. இதைப் பேச ஆரம்பித்து அன்று இரவு எட்டு மணி ஆகிவிட்டது, காவலர் வந்து விளக்கை அணைக்கும்வரை யாரும் எழுந்திருக்கவில்லை.

சதுரங்கப் பலகையை வைத்து நடத்திய பிப்ரவரிக் கூட்டமும் நன்றாக அமைந்தது. குதிரைக் காய் தொலைந்துபோனால் எதை வேண்டுமானாலும் அந்த இடத்தில் வைக்கலாம், உருவம் ஒத்திருக்கத் தேவையில்லை, அதே மதிப்பைக் கொடுத்தால் போதும் என்பது சசூரின் விளக்கம். கல்லூரி மாணவர்கள் இருவர் ரப்பர் துண்டைக் குதிரையாக வைத்து முழு ஆட்டமும் ஆடிக் காட்டினார்கள்.

மார்ச்சில் தமிழாசிரியர் ஐயா மறுபடியும் ஒரு கேள்வியோடு வந்தார். "மரம்ங்கிற ஒலி இல்லாம மரத்த என்னால நினைக்க முடியுதா? முடியலன்னா, எனக்குள்ள அந்த ரெண்டும் இடுகுறியாவா சேர்ந்திருக்கு?" பிரெஞ்சு மொழியியலாளர் எமில் பென்வெனிஸ்த் 1939இல் எழுப்பிய கேள்வியும் ஏறத்தாழ இதுவே. பேசுகிறவருக்குக் குறிப்பானும் குறிப்பீடும் பிரிக்க முடியாதவை, இடுகுறித் தன்மை இருப்பது குறி ஒன்றுக்கும் அது சுட்டும் வெளியுலகப் பொருளுக்கும் இடையில்தான் என்றார் அவர். ஐயா பென்வெனிஸ்தைப் படித்தவர் அல்ல, தானே யோசித்து அந்த இடத்துக்கு வந்தவர். இந்த ஆண்டின் மிகச் சிறந்த தருணம் எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

ஏப்ரல், மே கூட்டங்களில் விமர்சனங்களை மேலோட்டமாகத் தொட்டோம். மொழி அமைப்பைத் தனியே பிரித்து எடுத்ததில் பேசுகிற மனிதர்கள் காணாமல் போகிறார்கள் என்பது முக்கியமான குறை. எனக்கும் அதில் உடன்பாடு உண்டு. ஆனால் அதை முறையாகப் பேச இரண்டு கூட்டம் போதாது.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். மார்ச் மாதத்துக்காகப் படியெடுத்த பக்கங்களில் ஆறு பக்கம் விட்டுப்போனதைக் கூட்டத்தன்று காலையில்தான் கவனித்தோம். கடையில் வாங்கும்போதே நான் எண்ணிப் பார்த்திருக்க வேண்டும். பெண் உறுப்பினர்கள் மாலைக் கூட்டம் முடிந்து வீடு திரும்பப் பேருந்து கிடைப்பதில்லை என்று இரண்டு முறை சொல்லியும், நேரத்தை மாற்ற மூன்று மாதம் எடுத்துக்கொண்டோம். இனி கூட்டம் காலை 10 மணிக்குத்தான்.

அறையைக் கட்டணமின்றித் தந்தவர்களுக்கும், ஒவ்வொரு கூட்டத்துக்கும் சுக்குக் காப்பி போட்டுக் கொண்டுவந்த குடும்பத்துக்கும், பிரெஞ்சு மூலத்தோடு வரிவரியாக ஒப்பிட்டுத் தந்த உறுப்பினருக்கும் நன்றி.

வரும் ஆண்டுக்கு நிர்வாகக் குழு முன்வைப்பது ஒலியன் கோட்பாடு, அதாவது ஒரு மொழியில் பொருளை வேறுபடுத்தும் ஒலிகளைப் பற்றிய கோட்பாடு. 1926இல் தொடங்கிய பிராக் மொழியியல் வட்டம், அதில் துருபெட்ஸ்காய், யாகப்சன் என்ற மொழியியலாளர்கள் செய்த வேலை ஆகியவற்றிலிருந்து ஆரம்பிக்கலாம். பொதுக்குழு ஒப்புதல் தந்தால் ஜூன் முதல் ஞாயிறு முதல் கூட்டம். வருகிறவர்கள் கலை, களை, கழை போல ஓர் ஒலியில் மட்டும் மாறும் சொற்கள் பத்தை, தங்கள் வீட்டுப் பேச்சில் எப்படிக் கேட்கிறதோ அப்படியே குறித்துக்கொண்டு வாருங்கள். எழுத்தில் ஒன்றாகவும் வாயில் இரண்டாகவும் இருப்பவை கிடைத்தால் அவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பாவம் செய்தவன் முகத்தில் காட்டும் பாவம் என்று நம் நாட்டிய ஆசிரியை ஒன்றை இப்போதே கொடுத்திருக்கிறார்.

செயலாளர்