முத்தியால்பேட்டை அத்தை குண்டு எறிகிறாள்

புதுச்சேரி

அன்பு மகளுக்கு,

நான் நலம். நீங்கள் மூவரும் நலமாயிருக்க வேண்டும். "தனியாக என்னம்மா செய்கிறாய்" என்று பேசும்போதெல்லாம் கேட்கிறாய். போனில் சொல்லி முடிகிற சங்கதி இல்லை என்பதால் எழுதுகிறேன்.

முதலில் முத்தியால்பேட்டை அத்தை. மாமா தவறியபின் வாசற்படி தாண்டாமல் கிடந்தாளே, அவள் இப்போது உப்பளம் விளையாட்டரங்கத்துக்குப் போய்க் குண்டு எறியப் பழகுகிறாள்! கல்லூரியில் அவளை மிஞ்ச ஆளில்லை. 1975-இல் பட்டம் வாங்கிய கையோடு கல்யாணம், அதோடு நின்றுபோனது. போன வாரம் நானும் கூடப் போனேன். புடவை தவிர வேறெதுவும் உடுத்தாதவள் டிராக் பேண்ட் போட்டு நின்றாள். குண்டை உள்ளங்கையில் வைக்கக் கூடாதாம். விரல்களின் அடியில் தாங்கி, தாடைக்குக் கீழே கழுத்தோடு ஒட்டிப் பிடிக்க வேண்டுமாம். ஏழடி வட்டத்துக்குள் முதுகைக் காட்டி நின்று, முழங்காலை மடக்கி, இடுப்பைத் திருப்பி ஒரே மூச்சில் தள்ளினாள். மண்ணில் 'தொம்' என்று விழுந்ததும் என் கண் கலங்கிவிட்டது. மூத்தோர் தடகளத்தில் ஐந்தைந்து வயதாகப் பிரித்துப் போட்டி வைக்கிறார்கள். பெண்களுக்கு 50 முதல் 74 வயது வரை 3 கிலோ குண்டு, 75 ஆனால் 2 கிலோ. 3 கிலோவிலேயே ஒரு பதக்கம் வாங்கிவிட வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். வாங்குவாள்.

அரியாங்குப்பம் அத்தை பிரெஞ்சு படிக்கிறாள். பாரீஸில் இருக்கும் பேத்திக்குத் தமிழ் சரளமாக வரவில்லை. பாட்டியே இறங்கி வந்துவிட்டாள். கீரை ஆய்ந்துகொண்டே பாடத்தை உரக்கச் சொல்லிப் பார்க்கிறாள். லாஸ்பேட்டை அத்தைக்கு ஊசுட்டேரியும் பறவைகளும்தான் உலகம்.

வில்லியனூர் அத்தையால்தான் எங்கும் வர முடியவில்லை. மாமாவுக்குப் பக்கவாதம் வந்து படுக்கையில் இருக்கிறார். அதனால் வியாழக்கிழமைகளில் எங்களில் இருவர் போய் மாமாவுக்குத் துணை இருக்கிறோம். அவள் திருக்காமீசுவரர் கோயிலுக்குப் போய், பிராகாரத்தில் நிதானமாக உட்கார்ந்துவிட்டு வருவாள். திரும்பி வரும்போது அவள் முகத்தை நீ பார்க்க வேண்டும். மற்றவர்கள் செய்வதை எல்லாம்விட எனக்கு இது பெரிதாகப் படுகிறது.

நாங்கள் வேலைக்குப் போனவர்கள். கையில் பென்ஷன் வருகிறது. பயிற்சிக்கோ வகுப்புக்கோ யாரிடமும் காசு கேட்க வேண்டியதில்லை. வீட்டோடு இருந்துவிட்ட தோழிகள் சிலர், ஆசை இருந்தும், பஸ்ஸுக்குக்கூட மகனிடம் கேட்க வேண்டியிருக்கிறது. அதை நினைத்தால் மனசு ஆறவில்லை. உன் மாமியாருக்கு மாதாமாதம் கையில் கொஞ்சம் பணம் கொடு. எதற்கு என்று கேட்காமல் கொடு.

என்னைப் பற்றிக் கவலை வேண்டாம். பிரஷர் மாத்திரை தவறுவதில்லை. காலை ஏழரை வரை கடற்கரைச் சாலையில் வண்டிகளை விடுவதில்லை என்பதால் காந்தி சிலையிலிருந்து பயமில்லாமல் நடக்கிறோம். முழங்கால் வலிக்கிறவர்கள் திண்டில் உட்கார்ந்துகொள்வார்கள். அவர்களுக்காக மற்றவர்களும் சுற்றைக் குறைத்துக்கொள்வோம்.

அங்கேயே வந்து இருந்துவிடு என்கிறாய். உன் அன்பு எனக்குத் தெரியும், கண்ணம்மா. ஆனால் பேச ஆளும் போக இடமும் எனக்கு இங்கேதான் இருக்கிறது. பொங்கல் கழித்து வந்து உன்னோடு சில வாரம் இருக்கிறேன். மாசி மகத்துக்குள் திரும்பிவிட வேண்டும். வைத்திக்குப்பம் தீர்த்தவாரிக்கு எல்லோரும் சேர்ந்து போவதாகப் பேச்சு.

ஒரு காரியம் செய். குண்டு எறிகிறவர்கள் போடும் ஷூ அடிப்பாகம் வழவழப்பாக இருக்குமாம். அத்தைக்கு 6 ஆம் நம்பர். அங்கே கிடைக்குமா என்று விசாரித்து வை. நான் வரும்போது பணம் தருகிறேன். வேண்டாம் என்று சொல்லாதே, அவள் ஒத்துக்கொள்ள மாட்டாள்.

அன்புடன்,
அம்மா