சட்டியைக் கழுவாமல் தண்ணீர் ஊற்றாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

கத்திரி தொடங்கினால் மொட்டைமாடியில் பறவைகளுக்குத் தண்ணீர் வைக்கச் சொல்லிச் செய்திகள் வருகின்றன. வேலூர் வெயிலுக்கு அது தேவைதான். ஆனால் சட்டியைக் கழுவச் சொல்லி யாரும் எழுதுவதில்லை. குறையக் குறைய மேலே ஊற்றுவதோடு சரி.

புறாக்களின் வாயிலும் தொண்டையிலும் தீனிப்பையிலும் டிரைக்கோமோனாஸ் என்ற ஒற்றைச்செல் ஒட்டுண்ணி வாழ்கிறது. பல புறாக்கள் நோயே காட்டாமல் அதைச் சுமந்து திரியும். மற்ற பறவைகள் பெரும்பாலும் அலகில் அள்ளி அண்ணாந்து விழுங்கும். புறா அலகை அமிழ்த்தி உறிஞ்சும். ஒட்டுண்ணி கலந்த எச்சில் சட்டியிலேயே தங்கி, அடுத்துக் குடிக்கும் பறவைக்குப் போகும். குஞ்சுக்கோ, தாயும் தந்தையும் தீனிப்பையில் சுரந்து ஊட்டும் புறாப்பாலிலேயே போய்விடும். முற்றினால் தொண்டையில் திரிந்த பால்கட்டி போல மஞ்சளாக அடைத்து, இரை இறங்காமல் பறவை பட்டினியில் சாகிறது.

"வெயில் தாங்காமல் செத்தது" என்று ஒதுக்கும் முன், கையுறை அணிந்து செத்த புறாவின் நெஞ்செலும்பைத் தடவிப் பாருங்கள். சதை வற்றிக் கத்தி விளிம்பு போல நின்றால் அது பல நாள் பட்டினி. அலகைச் சுற்றி ஈரமும் நாற்றமும் இருந்தால் சந்தேகம் வலுக்கும்.

ஒரு சட்டியால் என்ன கெட்டுவிடும் என்று கேட்கலாம். பிரிட்டனில் 2005-ல் இதே ஒட்டுண்ணி, தோட்டங்களில் தீனிக்குக் கூடும் கிரீன்ஃபிஞ்ச் குருவிகளிடையே பரவியது. சுமார் 43 லட்சமாக இருந்தவை 2009-க்குள் 28 லட்சம் அளவுக்கு இறங்கின. 2021-ல் கிரீன்ஃபிஞ்ச், மிகவும் கவலைக்குரிய பறவைகளுக்கான அந்நாட்டின் சிவப்புப் பட்டியலிலும் சேர்ந்தது.

சிதறி மேயும் பறவைகளிடம் இவ்வளவு வேகமாகப் பரவாது. பாலாறு வெறும் மணலாகக் கிடக்கும் மாதங்களில் பத்துத் தெருப் பறவைகளும் நாலு சட்டிக்கே வருகின்றன. சிக்கல் அங்கேதான்.

இரண்டு மண்சட்டி வாங்கி மாற்றி மாற்றி வையுங்கள். இந்த ஒட்டுண்ணிக்குக் காய்தல் ஆகாது. எச்சமும் தானியத் தூளும் கலந்த தண்ணீரில்தான் அதிக நேரம் பிழைக்கும். எனவே ஒன்றைத் தினமும் தேய்த்துக் கழுவிக் கவிழ்த்து, நம்மை வாட்டும் அதே வெயிலில் முழுநாள் காயவிட்டால் பாதி வேலை முடிந்தது. வாரம் ஒருமுறை 1 பங்கு திரவ பிளீச், 9 பங்கு தண்ணீர் கலந்து 10 நிமிடம் ஊறவைத்து, வாடை போகும்வரை அலசுங்கள். ஆழம் இரண்டு விரற்கடை போதும். தினமும் கொட்டினால் கொசுப்புழுவும் தங்காது. அரிசியைச் சட்டியருகே குவிக்காதீர்கள். ஒரு மணி நேரத்தில் தீரும் அளவு மட்டும் தூவி, மிச்சத்தைப் பெருக்கிவிடுங்கள்.

நோய்ப்பட்ட புறா தென்பட்டால் தீனியை இரண்டு வாரமாவது நிறுத்துங்கள். தண்ணீரை நிறுத்த நம் ஊர் வெயில் இடம் தராது. சட்டியைக் காலையும் மாலையும் மாற்றுங்கள். அந்தப் புறாவைப் பிடித்துத் தின்னும் வல்லூறுக்கும் இந்நோய் தொற்றும்.

புறா வளர்ப்போர் சிலர் சொல்வதைக் கேட்டு இந்த ஒட்டுண்ணியைக் கொல்லும் மெட்ரோனிடசோல் மாத்திரையைப் பொதுச் சட்டியில் கரைக்க வேண்டாம். எந்தப் பறவை எவ்வளவு குடித்தது என்று யாருக்கும் தெரியாது. அரைகுறை அளவில் ஒட்டுண்ணி மருந்துக்குப் பழகிவிடும்.

கால்நடை மருத்துவர்,
காட்பாடி