உன் பத்து நிமிடப் பேச்சைக் குறித்து

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுவது. உங்கள் ஊரில் தேவாலயத்தாரும் பள்ளிவாசலைச் சேர்ந்தவர்களும் யூதர்களும் கூடி நடத்தும் பல்சமயக் கூட்டத்தில், இந்துக்களின் சார்பில் பத்து நிமிடம் பேச உன்னை அழைத்திருப்பதாக எழுதியிருந்தாய். 'ஒன்றே குலமும் ஒருவனே தேவனும்' என்று திருமூலரில் தொடங்கி, விவேகானந்தரின் சிகாகோ உரையைத் தொட்டு, எல்லாச் சமயங்களும் சொல்வது ஒன்றுதான் என்று முடிக்கப் போவதாகவும் சொல்லியிருந்தாய். அப்படிப் பேசினால் கைதட்டுவார்கள், தேநீர் குடிப்பார்கள், வீட்டுக்குப் போவார்கள். ஒருவரும் உன்னிடம் ஒரு கேள்விகூடக் கேட்க மாட்டார்கள். அதுதான் என் கவலை.

விவேகானந்தரைச் சொல்வதென்றால் முழுவதையும் படித்துவிட்டுச் சொல். 1893 செப்டம்பர் 11 அன்று பேசிய முதல் உரை நம் பள்ளி ஆண்டுவிழாக்கள் வரை வந்து சேர்ந்துவிட்டது. சிகாகோவில் கூடிய அந்தச் சர்வசமயச் சபை முடிந்த செப்டம்பர் 27 அன்று அவர் பேசியதை எடுத்துச் சொல்பவர்கள் குறைவு. கிறிஸ்தவர் இந்துவாகவோ பௌத்தராகவோ மாற வேண்டியதில்லை, இந்துவும் பௌத்தரும் கிறிஸ்தவராக வேண்டியதில்லை, ஒவ்வொருவரும் மற்றவரின் உயிர்ச்சாரத்தை ஏற்றுக்கொண்டு தம் தனித்தன்மையைக் காத்துத் தம் விதிப்படியே வளர வேண்டும் என்பதே அன்று அவர் சொன்னதன் கருத்து. எல்லாம் ஒன்று என்பதற்கும் இதற்கும் வெகு தூரம். அதே சபைக்கு வர மறுத்த, இங்கிலாந்துத் திருச்சபையின் தலைமைக் குருவான காண்டர்பரி பேராயர், தம் சமயத்தைப் பலவற்றுள் ஒன்றாகச் சமமாக வைக்கத் தம்மால் இயலாது என்று காரணம் எழுதினார். அவருடைய முடிவு எனக்கு உவப்பானது அன்று. ஆனாலும் வேற்றுமை என்று ஒன்று இருப்பதை அவர் ஒளிக்கவில்லை என்ற அளவில் அவரை மதிக்கிறேன்.

எல்லாம் ஒன்றே என்று நாம் சொல்லும்போது, சொல்லாமல் சொல்வது வேறொன்று. இறைவனுக்கு இணை வைக்கலாகாது என்பதையே ஈமானின், அதாவது இறைநம்பிக்கையின், உயிராகக் கொண்ட முஸ்லிமிடமும், சிலுவையில் இறந்து உயிர்த்த ஒருவரையே பற்றி நிற்கும் கிறிஸ்தவரிடமும், படைத்தவன் என்று ஒருவனை வைத்துக்கொள்ளாமலே விடுதலையைத் தேடும் பௌத்தரிடமும், 'நீங்கள் பெரிதாக நினைப்பதெல்லாம் மேற்பூச்சு, உள்ளே இருப்பது எங்கள் வேதாந்தம்தான்' என்று சொல்வதாகவே அது போய்ச் சேரும். இனிமையாகச் சொன்னாலும் அது ஆதிக்கம்தான். 1986 அக்டோபர் 27 அன்று அசிசி நகரில் போப் இரண்டாம் ஜான் பால் அழைத்த கூட்டத்தில் தலாய் லாமா உட்படப் பல சமயத் தலைவர்கள் கலந்துகொண்டனர். அன்று ஒவ்வொரு சமயத்தாரும் நகரில் தனித்தனி இடங்களில் தம் முறைப்படி வேண்டினர்; அதன் பிறகே ஒரு சதுக்கத்தில் கூடினர். எல்லாரும் சேர்ந்து ஒரே வேண்டுதலைச் சொல்வது அதன் நோக்கமாக இருக்கவில்லை. இதைக் கஞ்சத்தனம் என்று சிலர் நினைக்கலாம். எனக்கு அது நாகரிகமாகவே தோன்றுகிறது.

ஆனால் நீ பேச வேண்டியது சிகாகோவையும் அசிசியையும் பற்றி அல்ல என்பது என் எண்ணம். நம் குளித்தலைக்குப் பக்கத்தில், தண்ணீர்பள்ளியில், காவிரிக் கரையில் இருக்கும் சாந்திவனம் என்ற கிறிஸ்தவ ஆசிரமத்தைப் பற்றிப் பேசு. லியோன் நகரிலிருந்து வந்து இந்தப் பகுதியில் பங்குக் குருவாகப் பணியாற்றிய ஜூல்ஸ் மோன்சானினும், பிரான்ஸின் பிரிட்டனி மடமொன்றிலிருந்து 1948-இல் வந்த பெனடிக்ட் சபைத் துறவி ஹென்றி லெ சோவும் 1950-இல் அதைத் தொடங்கினார்கள். காவி உடுத்தார்கள், குடிசையில் இருந்தார்கள், சைவ உணவு கொண்டார்கள். அதற்கு முந்தைய ஆண்டே லெ சோ திருவண்ணாமலையில் ரமணரைத் தரிசித்திருந்தார். அந்தப் பார்வை அவரை விடவில்லை. பிறகு அருணாசலத்தின் குகைகளில் தங்கினார், திருக்கோவலூர் ஞானானந்தரிடம் சீடரைப் போல் அமர்ந்தார், 1956-இல் கும்பகோணத்தில் ஒரு மாதம் மௌனத்தில் இருந்தார். அபிஷிக்தானந்தர் என்று நாம் அறிவது அவரைத்தான்.

இவர்கள் வந்தது கற்பதற்கு மட்டும் அன்று என்பதையும் நீ மறைக்கக் கூடாது. இந்தியாவின் ஞானம் கிறிஸ்துவில் நிறைவு பெறும் என்ற நம்பிக்கையோடுதான் வந்தார்கள். அதனால்தான் பின்னாளில் நம்மவர்களில் சிலர், காவியும் ஆசிரமமும் மதமாற்றத்துக்கான வேடம் என்றார்கள். மதுரையில் 1606-இல் காலடி வைத்து, காவி உடுத்திய துறவியாக வாழ்ந்து கிறிஸ்தவத்தைப் பரப்பிய பாதிரியார் ராபர்ட் டி நோபிலியின் கதையை நினைவில் வைத்திருப்பவர்கள் அப்படிச் சந்தேகிப்பது வியப்பில்லை. கத்தோலிக்கரிலும் சிலர், திருப்பலியை இந்து மயமாக்கிக் கெடுத்தார்கள் என்று மறுபக்கத்திலிருந்து ஏசினார்கள். இரு தரப்பாரிடமும் வசை வாங்கிய இடம் என்பதாலேயே அதன் மேல் எனக்கு நம்பிக்கை அதிகம்.

அங்கே நடந்ததில் என்னை மிகவும் ஈர்ப்பது, அந்த இருவரும் ஒரே முடிவுக்கு வரவில்லை என்பதே. ஆன்மாவும் பரம்பொருளும் ஒன்றே என்னும் அத்வைதத்துக்கும், தந்தை, மகன், தூய ஆவி என மூவராய் ஒரே கடவுள் என்னும் திரித்துவத்துக்கும் நடுவே எளிதில் கடக்கக்கூடிய வழி இல்லை என்ற ஐயம் மோன்சானினுக்கு வளர்ந்துகொண்டே போனது. 1957-இல் பாரிஸில் அவர் காலமானார். லெ சோவோ உபநிடதம் காட்டிய அனுபவத்துக்குள் மேலும் மேலும் இறங்கினார். அதே சமயம் குருத்துவத்தையும் துறக்கவில்லை. இரண்டையும் இணைத்து ஒரு கோட்பாடு செய்துவிட முடியும் என்று முதலில் நம்பியவர், பிறகு அந்த இழுபறியோடே, விடியும் வரை, இரண்டையும் பற்றிக்கொண்டிருப்பதுதான் செய்யக்கூடியது என்று எழுதினார். 1973-இல் இந்தூரில் இறக்கும் வரை அவர் எந்தப் பக்கமும் சாய்ந்து நிம்மதி தேடவில்லை. சமயங்களுக்கிடையே உரையாடல் என்பது இதுதான் என்று நான் நினைக்கிறேன், தம்பி: மேடையில் இருவர் பேசுவதைவிட ஒருவருக்குள்ளேயே அது நடந்தால்தான் அதற்கு எடை உண்டு.

1968-இல் ஆசிரமத்தை ஏற்ற ஆங்கிலேயத் துறவி பீட் கிரிபித்ஸ், 1993-இல் இறக்கும் வரை இங்கேயே இருந்தார். அவர் காலத்தில் நிலைபெற்ற வழிபாட்டில் வேத உபநிடதப் பகுதிகளும் தமிழ்ப் பக்திப் பாடல்களும் விவிலியத்தோடு சேர்ந்து ஒலித்தன. காலையில் சந்தனம், நண்பகலில் குங்குமம், மாலையில் திருநீறு என்று நெற்றியில் இட்டுக்கொள்வார்கள். காலைக் கடம்பர், மத்தியானச் சொக்கர், அந்தி ஈங்கோய்நாதர் என்று மூன்று வேளைக்கு மூன்று கோயில் சொல்லும் நம் ஊரில் இது அவ்வளவு அந்நியமாகத் தெரிவதில்லை. அதற்கும் இதற்கும் தொடர்பு உண்டென்று நான் சொல்ல வரவில்லை. எனக்குப் பிடித்த ஒற்றுமை, அவ்வளவுதான்.

நாகூரையும் வேளாங்கண்ணியையும் விட்டுவிட்டேனே என்று நீ கேட்பாய். நம் அத்தைமார்கள் அங்கே நேர்ந்துகொண்டு போவது நல்ல வழக்கம். நாகூர் தர்காவின் உயர்ந்த மினாராவை எழுப்பியவர் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப் சிங் என்பதும் சொல்லத் தக்கதே. ஆனால் அது பக்கத்து வீட்டாரிடம் கொள்ளும் உறவைப் போன்றது. நோய்க்கும் குழந்தைக்கும் வேண்டப் போகிறவர்கள் அங்கே யாரையும் எதையும் கேட்டறிய வேண்டியதில்லை. உன் கூட்டத்துக்கு வருபவர்கள் கேட்டறியத்தான் வருகிறார்கள்.

ஆகவே திருமூலரை விட்டுவிடு என்று நான் சொல்லவில்லை. அவரைச் சைவராக அறிமுகப்படுத்து; திருமந்திரம் சிவத்தைப் பேசும் நூல் என்பதைச் சொல்லிவிட்டு அந்த வரியைச் சொல். சாந்திவனத்துக்கு ஐந்து நிமிடம் ஒதுக்கு. எஞ்சிய நேரத்தில், பள்ளிவாசல்காரரிடமும் யூதரிடமும் நீ உண்மையாகவே அறிய விரும்புவது ஏதோ ஒன்றை ஆளுக்கு ஒன்றாகக் கேட்டு, அவர்கள் சொல்வதை நம் பக்கத்துக் கருத்து எதனோடும் உடனே பொருத்திக் காட்டாமல் கேட்டுக்கொள். அவர்கள் உன்னிடம் சாதியைப் பற்றிக் கேட்பார்கள், நிச்சயம் கேட்பார்கள். வேதாந்தத்தைக் காட்டி நழுவாதே, உள்ளதைச் சொல். கூட்டம் முடிந்ததும், உன் பேச்சு எப்படி இருந்தது என்பதைவிட அவர்கள் என்னென்ன கேட்டார்கள் என்பதை எனக்கு விரிவாக எழுது. அப்பா நலம், அவரும் அதைப் படிக்கக் காத்திருக்கிறார்.

அன்புடன்,
அம்மா