அந்த இரண்டு விரல் இடைவெளி: கேம்பர் கூடு செய்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

பிக்கப் வண்டிகளின் பின்தொட்டிமேல் மாட்டி உள்ளே படுத்துத் தூங்கும் கேம்பர் கூட்டைத் தயாரிப்பவர்களுக்கும், அதை மாட்டித் தரும் பட்டறைக்காரர்களுக்கும் வணக்கம்.

உங்கள் வேலையை மட்டம்தட்ட இதை எழுதவில்லை. நீங்கள் செய்யும் கூட்டில்தான் நான் பயணம் போகிறேன், இரவில் படுத்துத் தூங்குகிறேன். ஆனால் கேபினின் பின்கண்ணாடிக்கும் கூட்டின் முன்சன்னலுக்கும் நடுவே இருக்கிறதே இரண்டு விரல் இடைவெளி, அதற்கு யாருமே பொறுப்பெடுத்துக்கொள்வதில்லை. கூடு செய்பவரைக் கேட்டால் அது பட்டறை வேலை என்கிறார். பட்டறையில் கைக்குக் கிடைத்த ஸ்பாஞ்சைச் செருகி அனுப்பிவிடுகிறார்கள். மழையில் நனைவது உள்ளே படுத்திருப்பவர்.

எனக்கு முதன்முதலில் கூடு மாட்டிக்கொடுத்தவர் அந்த இடைவெளியைச் சுற்றிலும் சிலிக்கோன் பசையால் அடைத்துவிட்டார். வண்டியை எடுத்த அன்று பார்க்க வழவழவென்று அழகாகத்தான் இருந்தது. மூன்றாவது வாரம் இடது மேல்மூலையில் மயிரிழைபோல ஒரு பிளவு தெரிந்தது. விரலால் அழுத்தினால் மூடிக்கொள்ளும், விரலை எடுத்தால் திறந்துகொள்ளும். அடுத்த மழையில் தண்ணீர் அந்தப் பிளவு வழியாகக் கூட்டின் உட்சுவரோடு ஓசையில்லாமல் இறங்கி, மெத்தைக்கு அடியில் போய்த் தேங்கியிருக்கிறது. மெத்தையின் மேல்பக்கம் காய்ந்தே இருந்ததால் எனக்குத் தெரியவில்லை. புரட்டிப் பார்த்தபோது தலைமாட்டில் கருப்பாகப் பூஞ்சை படர்ந்திருந்தது. பசையைச் சுரண்டி எடுக்க ஒரு முழுநாள் ஆனது. கண்ணுக்குத் தெரியாமல் ஒட்டியிருந்த மிச்சத்தின்மேல் பெயின்ட்டும் பிடிக்கவில்லை, புதுப் பசையும் பிடிக்கவில்லை.

பசையில் குற்றமில்லை. அசையும் இடத்தை அசையாத இடம்போல நினைத்ததுதான் தவறு. பிக்கப்பில் கேபினும் பின்தொட்டியும் ஒரே உடல் அல்ல. இரண்டும் ஒரே சேசிஸின்மேல், அதாவது அடிச்சட்டத்தின்மேல், தனித்தனியாக உட்கார்ந்திருக்கின்றன. கேபின் அதிர்வைத் தாங்கும் ரப்பர் புஷ்களின்மேல் நிற்கிறது. கூடோ தொட்டியோடு பிணைந்திருக்கிறது. ஒரு பக்கச் சக்கரம் மேட்டில் ஏறும்போது சேசிஸ் முறுக்கிக்கொள்ளும். அப்போது ஒரு மேல்மூலையில் இடைவெளி விரியும், எதிர்மூலையில் சுருங்கும். மேலும் கீழும், பக்கவாட்டிலும்கூட நகரும். சமதரையில் வண்டியை நிறுத்தி ஸ்கேல் வைத்து அளந்த ஒற்றை எண்ணால் இங்கே பயனில்லை.

ஆகவே முதல் வேண்டுகோள்: அசைவை அளந்து சீல், அதாவது இடைவெளியை அடைக்கும் பட்டை, கொடுங்கள். இது பெரிய வித்தை இல்லை. வண்டியில் வழக்கமான பாரம் ஏற்றி, இடைவெளியின் நான்கு மூலையிலும் இடைவெளியைவிடத் தடிமனான களிமண் உருண்டையை அழுத்தி வைத்து, ஒரு முன்சக்கரத்தைச் சாய்தளத்தில் ஏற்றுங்கள். பிறகு மறுபக்கச் சக்கரத்தை ஏற்றுங்கள். களிமண் எவ்வளவு நசுங்கியிருக்கிறது என்பது ஒவ்வொரு மூலையிலும் இடைவெளி எதுவரை சுருங்கியது என்பதைக் காட்டும். எதுவரை விரிகிறது என்பதை வண்டி சாய்ந்து நிற்கும்போதே ஸ்கேலால் அளந்துகொள்ளலாம். இடைவெளி 30 மி.மீ. முதல் 45 மி.மீ. வரை மாறுகிறது என்று வைத்துக்கொள்வோம். அங்கே 60 மி.மீ. தடிமனுள்ள மென்மையான ஸ்பாஞ்ச் சீல் சரியாக இருக்கும். இடைவெளி விரிந்திருக்கும்போது அது 25 விழுக்காடு அமுங்கியிருக்கும், சுருங்கும்போது 50 விழுக்காடு அமுங்கும். அந்த வரம்புக்குள் இருந்தால் தண்ணீரையும் விடாது, கண்ணாடியையும் நெருக்காது. பெட்டியின்மேல் 'எல்லா வண்டிக்கும் பொருந்தும்' என்று அச்சிடுவதற்குப் பதிலாக, அந்தச் சீல் எந்த அளவு இடைவெளி முதல் எந்த அளவு வரை அடைக்கும் என்ற இரண்டு எண்களை அச்சிடுங்கள்.

அடுத்தது பொருள். வாங்குபவர் கண்ணுக்கு எல்லாம் கருப்பு ஸ்பாஞ்ச்தான். ஆனால் உள்ளே இருக்கும் சின்னஞ்சிறு காற்றறைகள் ஒன்றோடொன்று திறந்திருக்கும் ஸ்பாஞ்ச், அதாவது திறந்த அறை ஸ்பாஞ்ச், தண்ணீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். மழை விட்ட பிறகும் கேபின் தகட்டை ஈரமாகவே வைத்திருக்கும். இங்கே வேண்டியது மூடிய அறைகள் கொண்டது. ஒரு துண்டை வெட்டித் தண்ணீருக்குள் அமுக்கிப் பிழிந்து பார்த்தால் எது எது என்று உடனே தெரிந்துவிடும். வெயிலும் ஓசோனும் படும் இடத்துக்கு ஈபிடிஎம் ரப்பர் நன்றாகத் தாங்கும், ஆனால் டீசலும் எண்ணெயும் பட்டால் உப்பிவிடும். எண்ணெய் படக்கூடிய இடமென்றால் நியோப்ரீன் என்ற ரப்பர் மேல். ஸ்பாஞ்ச் ரப்பரை வகைப்படுத்தும் ஏஎஸ்டிஎம் டி1056 என்ற தர நிர்ணயத்தின் குறியீட்டில் முதல் எண் 2 என்றிருந்தால் மூடிய அறை என்று பொருள், 1 என்றால் திறந்த அறை. அந்தக் குறியீட்டைப் பொட்டலத்தில் போடுவதற்கு உங்களுக்குச் செலவே இல்லை.

கேபினிலிருந்து கூட்டுக்குள் ஆள் நுழையும்படி சன்னல்கள் திறந்திருந்தால் மடிப்பு மடிப்பான ரப்பர் பெல்லோஸ்தான் என் தேர்வு. அது நீளும், சுருங்கும், முறுக்கத்துக்கும் ஈடுகொடுக்கும். காற்றடைக்கும் டியூப் சீலும் நன்றாகவே அடைக்கும். காற்றை இறக்கிவிட்டு நடுவில் சேரும் அழுக்கைக் கழுவவும் முடியும். ஆனால் வெயிலில் உள்ளே அழுத்தம் ஏறும், அதிகமாக அடித்துவிட்டால் பின்கண்ணாடியைத்தான் தள்ளும். இரண்டு பக்கமும் திறக்காத கண்ணாடி என்றால் அந்த இடைவெளியை அடைக்காமல் விட்டுவிடுவதே நல்லது என்பேன். அப்போது சீல் போட வேண்டிய இடம் கூடு தொட்டியின் விளிம்பில் உட்காரும் வரி. குறிப்பாகத் தொட்டியின் முன்சுவர் மூலைகள்.

சீலின் இரண்டு முனைகளும் சேரும் இணைப்பைத் தயவுசெய்து மேலே வைக்காதீர்கள், கீழே வையுங்கள். ஸ்பாஞ்ச் உரசும் பெயின்ட்டின்மேல் முதலில் பாதுகாப்பு ஃபிலிம் ஒட்டுங்கள். நடுவில் சிக்கும் மணல் உப்புத்தாள்போலத் தேய்த்துவிடும்.

இதையெல்லாம்விட எனக்குக் கவலை தருவது ஒன்று உண்டு. ஓடும் வண்டியின் பின்னால் காற்றழுத்தம் குறைவதால் எஞ்சின் புகை அங்கேயே சுழலும். பின்கதவின் இடுக்கு வழியாக அது கூட்டுக்குள் வரும். கேபின் சன்னல் திறந்திருந்தால் அங்கிருந்து ஓட்டுநர் பக்கம் இழுக்கப்படும். அந்தப் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. முன்பக்கத்தில் பெல்லோஸ் மாட்டி கேபினையும் கூட்டையும் ஒரே அறையாக்கித் தருபவர் பின்கதவைச் சுற்றியும் இடுக்கை அடைக்கும் ரப்பர் பீடிங் போட்டே தர வேண்டும். கூட்டுக்குள் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்றும் பொருத்த வேண்டும். தனிக் கட்டணம் வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் அதை வாடிக்கையாளர் விருப்பம் என்று விடாதீர்கள்.

சாவியைக் கையில் கொடுப்பதற்கு முன் ஒருமுறை உரிமையாளரைக் கூட்டுக்குள் டார்ச்சோடு உட்காரவைத்து, வெளியிலிருந்து ஹோஸ் பிடியுங்கள். கீழிருந்து தொடங்கி மெதுவாக மேலே ஏறுங்கள். மேலிருந்து பிடித்தால் எல்லா இடமும் ஒன்றாக நனைந்து, ஒழுகும் இடம் எதுவென்று தெரியாமல் போய்விடும். அதன்பின் ஒரு சக்கரத்தை மேட்டில் ஏற்றி நிறுத்தி இன்னொரு முறை பிடியுங்கள். என் வண்டியில் பிளவு வந்த மூலையை அன்றே இப்படிச் சோதித்திருந்தால் பட்டறை வாசலிலேயே அது தெரிந்திருக்கும்.

இப்படிக்கு,
கூட்டுக்குள் உறங்கும் ஒரு பயணி